ஆட்குறைப்பில் வேலை போனதை நேர்காணலில் சொல்ல வேண்டுமா?

கேளம்பாக்கம்_சோதனையாளர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசியாக டெஸ்ட் லீட் (சோதனைக் குழுத் தலைவர்) பொறுப்பில் இருந்தேன். எங்கள் ப்ராஜெக்ட்டை வாடிக்கையாளர் நிறுத்திக்கொண்ட பிறகு என்னைச் சில காலம் பென்ச்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் தராமல், வைத்திருந்தார்கள். பிறகு ஹெச்ஆர் அழைத்து, நானாக ராஜினாமா கடிதம் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளமும் சிக்கல் இல்லாத ரிலீவிங் லெட்டரும் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) கிடைக்கும் என்றும், மறுத்தால் பணிநீக்க உத்தரவுதான் வரும் என்றும் சொன்னார்கள். வீட்டுக் கடனும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இருப்பதால் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். எங்கள் பிரிவிலிருந்து பலர் இதே முறையில் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் நிறுவனம் இதை ஆட்குறைப்பு என்று எங்கும் அறிவிக்கவில்லை.

இப்போது நேர்காணல்களுக்கு அழைப்பு வரத் தொடங்கியுள்ளது. வேலையில் இருப்பவருக்குத்தான் மதிப்பு என்பதால் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகச் சொல்லுங்கள் என்கிறார் வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சிக்காரர். குடும்பக் காரணத்துக்காக விலகினேன் என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் என் மைத்துனர். பழைய மேலாளரோ, உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்கிறார். ஆனால் அவர் இன்னும் வேலையில் இருப்பவர். என் ரிலீவிங் லெட்டரில் ‘ராஜினாமா’ என்று இருக்கும்போது ஆட்குறைப்பு என்று நான் சொன்னால், நானே என் ஆவணத்துக்கு எதிராகப் பேசுவதுபோல் ஆகாதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆளெடுப்புத்_துறை:

நண்பரே, நான் சென்னையில் ஐடி நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் பணியில் நீண்ட காலமாக இருப்பவள். எதை மறைக்க முடியும், எதை மறைக்கவே முடியாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், சொல்லலாமா என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதல் தொலைபேசி அழைப்பில் நாங்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே வகையானவை: மொத்த அனுபவம், இந்தப் பணிக்குத் தொடர்புடைய அனுபவம், தற்போதைய சிடிசி (ஆண்டு மொத்தச் சம்பளத் தொகுப்பு), எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம்). ஏன் வேலை மாறுகிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் எவ்வளவோ தயார் செய்திருப்பீர்கள். ஆனால் உங்கள் நிலை வெளிப்படும் முதல் இடம் அது அன்று, நோட்டீஸ் பீரியட் கேள்விதான். நம் ஊர் ஐடி நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் என்பது சாதாரணம். அப்படியிருக்க, ஒருவர் உடனே சேர்வேன் என்றால் அவர் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டார் அல்லது நோட்டீஸின் கடைசி வாரங்களில் இருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். இன்னும் வேலையில் இருப்பதாகச் சொல்பவர், அந்தப் பொய்யைக் காப்பாற்ற 60 நாளோ 90 நாளோ ஆகும் என்று சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளரிடம் ஆள் தருவதாக ஒப்புக்கொண்ட தேதி நெருங்கிவிட்ட பணிகளுக்கு நாங்கள் தேடுவதே உடனே சேரக்கூடியவரைத்தான். உங்களிடம் உண்மையாகவே இருக்கும் ஒரு சாதகத்தை அந்தப் பொய் பறித்துவிடுகிறது.

அடுத்தது பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. 2014-இல் யுஏஎன் என்ற பொதுக் கணக்கு எண் வந்த பிறகு ஒருவருடைய எல்லா நிறுவனங்களின் கணக்கும் ஒரே எண்ணின்கீழ் வந்துவிட்டது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப் தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். பாஸ்புக்கில் அது மாதவாரியாகத் தெரியும். 2022-இல் இரட்டை வேலை பற்றிய சர்ச்சை எழுந்த பிறகு, ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பணி வரலாற்றைக் கேட்கும் நிறுவனங்கள் கூடியிருக்கின்றன. மூன்று மாத பே-ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) ஆகியவையும் கேட்கப்படும். இவற்றுள் ஒவ்வொன்றும் உங்கள் கடைசி வேலை நாளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே தேதியைப் பற்றிப் பொய் சொல்லவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தின் கடைசியில், தவறான தகவல் தெரியவந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆட்குறைப்பு நடந்ததற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றதை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். தேதியை மாற்றிச் சொன்னதற்காகத் திரும்பப் பெற்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கன்சல்டன்சிக்காரருக்குக் கிடைக்க வேண்டியது நீங்கள் சேர்ந்த பிறகு கிடைக்கும் கட்டணம். வேலை போனால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமே.

தரமணி_நிரலாளர்:

சகோதரி சொன்னதில் தேதி பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காரணத்தையும் நாமே முன்வந்து சொல்ல வேண்டும் என்றால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஒருமுறை ஆட்குறைப்பில் வெளியேறியவன். முதல் அழைப்பிலேயே வெளிப்படையாகச் சொன்னேன். தொழில்நுட்பச் சுற்றுகள் அனைத்தும் நன்றாக முடிந்த பிறகு சம்பளப் பேச்சு வந்தபோது, பழைய சம்பளத்தைவிடக் குறைவான தொகையைத்தான் முன்வைத்தார்கள். அதே நாட்களில் அதே குழுவுக்குத் தேர்வான, வேலையில் இருந்துகொண்டே வந்த என் நண்பருக்கு வழக்கமான 30 சதவீத உயர்வு கிடைத்தது. இருவருக்கும் அனுபவம் ஏறத்தாழ ஒன்றுதான். என் கையில் வேறு வாய்ப்பு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை.

கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது சரி. கேட்காததை முந்திக்கொண்டு சொல்வது நேர்மையின் இலக்கணம் ஆகாது. நிறுவனமும் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் நம்மிடம் சொல்வதில்லை. நாம் சேரப்போகும் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் எத்தனை மாத ஆயுள் இருக்கிறது என்று எந்த ஹெச்ஆரும் முன்வந்து சொன்னதில்லை. ஆகவே தேதியை ரெஸ்யூமேயில் சரியாக எழுதுங்கள், ‘உடனே சேர முடியும்’ என்று சொல்லுங்கள், காரணத்தை அவர்கள் கேட்கும்போது சொல்லுங்கள். அதற்குள் உங்கள் திறமையை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆளெடுப்புத்_துறை:

தம்பிக்கு நேர்ந்தது நியாயமற்றது. அப்படி நடக்கிறது என்பதை என் துறையைச் சேர்ந்தவளாக இருந்துகொண்டு மறுக்க முடியாது. வேலை இல்லாதவரிடம் தொகையைக் குறைத்துப் பேசுவதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுக்கப்பட்டவர் அடுத்த ஆண்டே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் அவர்களிடம் வாதாடியிருக்கிறேன். சில சமயம் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் குறைப்புக்குக் காரணம் ஆட்குறைப்பு என்று சொன்னது மட்டும்தானா என்று யோசிக்க வேண்டும். மூன்று மாத இடைவெளியோடு ஒருவர் வந்து, காரணத்தையும் சொல்லாமல் இருந்தால், ஆளெடுப்பவர் மனத்தில் எழும் ஊகங்கள் ஆட்குறைப்பைவிட மோசமானவை: ஒழுங்கு நடவடிக்கையா, போலிச் சான்றிதழா, நோட்டீஸ் முடிக்காமல் ஓடிவந்தவரா என்றெல்லாம் போகும். நீங்கள் சொன்னதுபோல் கேட்கும்வரை காத்திருக்கலாம். ஆனால் இடைவெளி ரெஸ்யூமேயில் தெரியும்போது முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுவார்கள். ஆகவே நடைமுறையில் நீங்களும் நானும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்.

சம்பளத்தைக் காப்பாற்ற ஒரே வழி, அதைக் காரணத்திலிருந்து பிரித்து வைப்பதுதான். கடைசியாக வாங்கிய சிடிசி இவ்வளவு, இந்தப் பொறுப்புக்குச் சந்தையில் கொடுப்பது இவ்வளவு, நான் எதிர்பார்ப்பது இவ்வளவு என்று முதல் அழைப்பிலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிடுங்கள். பார்த்துச் செய்யுங்கள் என்று சொன்னவர்களுக்குத்தான் பெரும்பாலும் அடிமாட்டு விலை பேசப்படுகிறது.

கேளம்பாக்கம்_சோதனையாளர்:

இருவருக்கும் நன்றி. தேதியை மாற்றிச் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் முக்கியமான ஐயம் இன்னும் தீரவில்லை. கடிதத்தில் ராஜினாமா, நடந்தது ஆட்குறைப்பு. நான் எதைச் சொல்வது? பழைய நிறுவனத்தைச் சரிபார்ப்பவர்கள் கேட்டால் அவர்கள் ராஜினாமா என்றுதானே சொல்வார்கள்?

தொழிலாளர்_சட்டம்:

தோழர், உங்கள் ஐயம்தான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் ஊரில் ஐடி துறையில் நடக்கும் ஆட்குறைப்பில் பெரும்பகுதி ஆட்குறைப்பு என்ற பெயரிலேயே நடப்பதில்லை. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்குவதாக உலகறிய அறிவித்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அத்தகைய அறிவிப்புக்குப் பிறகு வேலை இழந்தவர், நேர்காணலில் ஒரு வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடலாம். எதிரே இருப்பவரும் செய்தித்தாளில் படித்திருப்பார். உங்களைப் போல் ஒவ்வொருவராக அறைக்குள் அழைக்கப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வசதி இல்லை.

ராஜினாமாவை ஏன் அவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது அவருக்கு முன்னுரிமை தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு, மறுபயிற்சி நிதியாக மேலும் 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்கிறது. தானாக விலகியவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. உங்கள் 11 ஆண்டுக்கு இழப்பீடு மட்டும் 165 நாள் சம்பளம், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மாதம். உங்களுக்குக் கொடுத்தது மூன்று மாதம். டெஸ்ட் லீட் ஒருவர் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ ஆவாரா என்பது பதவிப் பெயரைப் பொறுத்ததன்று; அவர் அன்றாடம் செய்தது சோதனை வேலையா, நிர்வாகமா என்பதைப் பொறுத்தது. ஐடி ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. இன்னும் கையெழுத்துப் போடாமல் இந்த இழையைப் படித்துக்கொண்டிருப்பவர்கள், போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரையோ சங்கத்தையோ கலந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராஜினாமா என்பது நீங்கள் வெளியேறிய முறை. ஆட்குறைப்பு என்பது நீங்கள் வெளியேறிய காரணம். இரண்டும் ஒருசேர உண்மை. முறையைக் கேட்டால் முறையைச் சொல்லுங்கள், காரணத்தைக் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். ‘ப்ராஜெக்ட் மூடப்பட்டதால் நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ராஜினாமா கொடுத்தேன்’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. உங்கள் ரிலீவிங் லெட்டருக்கும் அது முரண்படவில்லை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சம்பளம் கொடுக்கும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதில் நிபந்தனைகளை வெளியில் சொல்லக் கூடாது, நிறுவனத்தை இழித்துப் பேசக் கூடாது என்ற பிரிவுகள் இருக்கலாம். கொடுத்த தொகையையும் ஹெச்ஆர் மிரட்டியதையும் நேர்காணலில் பேசாதீர்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் பிரிவு சுருங்கியதும் பொதுவாக அந்தத் தடைக்குள் வருவதில்லை என்றாலும், உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

ஆளெடுப்புத்_துறை:

தோழர் சொன்ன வாக்கியத்தை அப்படியே வழிமொழிகிறேன். சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் நிறுவனம் உங்கள் பழைய ஹெச்ஆருக்கு ஒரு படிவத்தை அனுப்பும். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகியதற்கான காரணம், நிலுவை ஏதேனும் உண்டா, மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவரா என்ற கட்டங்கள் இருக்கும். காரணக் கட்டத்தில் பழைய நிறுவனம் ‘ராஜினாமா’ என்று எழுதும் அல்லது ஒன்றும் எழுதாது. நீங்கள் படிவத்தில் எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடு இருந்தால் அறிக்கையில் அந்த இடம் மஞ்சள் நிறத்தில் வரும். அப்படி வந்த அறிக்கை என் மேசைக்கு வரும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த வேறுபாட்டை இவர் முன்பே எங்களிடம் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் என் குறிப்பில் அது இருக்கும். ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். சொல்லாமல் விட்டிருந்தால் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போகும், சேரும் தேதி தள்ளிப்போகும், எல்லோருக்கும் மனக்கசப்பு.

குடும்பக் காரணம் என்ற யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி உண்டு. அந்தக் காரணம் இப்போது தீர்ந்துவிட்டதா, மறுபடியும் நீண்ட விடுப்பு தேவைப்படுமா என்று கேட்பார்கள். வீட்டில் யாருக்கும் இல்லாத நோயை நேர்காணலில் உண்டாக்கி, அதற்குக் குணமும் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளக் கூடாது.

மடிப்பாக்கம்_அனலிஸ்ட்:

என் நிலை இன்னும் சங்கடமானது. ஆட்களைக் குறைக்க முடிவு செய்த பிறகு எங்களில் பலரைப் பிஐபி-யில் (செயல்திறனை மேம்படுத்தக் கெடு வைக்கும் திட்டம்) போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தவர்களே, ஒரே காலாண்டில் செயல்திறன் போதாது என்று எழுதினார்கள். நான் இதை ஆட்குறைப்பு என்று சொன்னால் பொய்யாகுமா? செயல்திறன் குறைவு என்று சொன்னால் யார் வேலை தருவார்கள்?

நேர்காணல்_எடுப்பவன்:

சகோதரி, நான் ஒரு குழுவின் மேலாளர். மாதந்தோறும் பலரை நேர்காணல் செய்கிறேன். உங்கள் பிரிவில் ஒரே நேரத்தில் பலர் வெளியேற்றப்பட்டார்கள், முந்தைய ஆண்டு மதிப்பீட்டுக் கடிதம் உங்களிடம் இருக்கிறது என்றால், ‘பிரிவைச் சுருக்கியபோது வெளியேற வேண்டியிருந்தது’ என்று சொல்வது பொய்யாகாது. ஆனால் பிஐபி இருந்ததா என்று நேரடியாகக் கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். இருந்தது, அதற்கு முந்தைய மதிப்பீடு இது, அந்தக் காலாண்டில் நடந்தது இது என்று சொல்லி, அந்தக் கடிதத்தைக் காட்டத் தயாராக இருங்கள். உங்களுடன் நேரடியாக வேலை செய்த ஒரு மூத்தவரின் பரிந்துரை கிடைத்தால் அது ஹெச்ஆர் படிவத்தைவிடப் பெரியது.

இந்த இழையைத் தொடங்கியவருக்கும் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வேலையில் இருப்பதாகப் பொய் சொல்பவர்களை நாங்கள் துப்பறிந்து பிடிப்பதில்லை. சாதாரணமான தொழில்நுட்பக் கேள்வியே அவர்களைத் திணறடித்துவிடுகிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிரின்ட்டில் (சில வார வேலைச் சுற்று) எதைச் சோதிக்கிறீர்கள், கடைசி ரிலீஸில் தப்பிப்போன பிழை எது என்று வழக்கமாகக் கேட்பேன். வேலையில் இருப்பவர் யோசிக்காமல் சொல்வார். ஒருமுறை நல்ல திறமையுள்ள ஓர் இளைஞர், ஆட்டோமேஷன் (தானியங்கிச் சோதனை) பற்றி அதுவரை மிகத் தெளிவாகப் பேசியவர், இந்தக் கேள்வி வந்ததும் நின்றுவிட்டார். பல மாதங்களுக்கு முந்தைய வேலையை நிகழ்காலத்தில் சொல்ல முயன்று, தேதிகள் குழம்பி, அதன்பின் அவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகளுக்கும் விடை தடுமாறியது. அவரை நான் தேர்வு செய்யவில்லை. ஆட்குறைப்பு என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியைக் கடைசியாகச் செய்த ப்ராஜெக்ட் பற்றி என்று மாற்றிக் கேட்டிருப்பேன். அவர் தேர்வாகியிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன்.

என் குழுவில் இப்போது இருக்கும் ஒருவர், ‘அந்த வாடிக்கையாளர் போய்விட்டார், எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே தான் கட்டிய சோதனை அமைப்பைப் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஏன் விலகினார் என்பது எங்கள் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

நியூஜெர்சி_தமிழர்:

இங்கிருக்கும் நிலையையும் பதிவு செய்கிறேன். நம்மவர்கள் பலருக்குப் பயன்படலாம். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். தங்கும் அனுமதிக் காலத்தைக் காட்டும் ஐ-94 அதற்குள் முடிந்தால் அவ்வளவு நாளும் இல்லை. அந்த நாட்களுக்குள் புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ய வேண்டும். மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞர் முதலில் கேட்பது கடைசி ஊதியச் சீட்டுகளைத்தான். ஆகவே இங்கே மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் அழைப்பிலேயே விசா நிலையையும் கடைசி நாளையும் சொன்னால்தான் அவர்களால் உரிய காலத்தில் மனு போட முடியும்.

பெரிய அளவில் ஆட்களை நீக்கும் நிறுவனம் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்று இங்கே வார்ன் சட்டம் இருக்கிறது. கூட்டரசுச் சட்டப்படி 60 நாள். நியூஜெர்சியில் 2023 ஏப்ரல் முதல் 90 நாள். அந்த நாட்களில் பலரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சம்பளம் மட்டும் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் ரெஸ்யூமேயில் இன்னும் பணியில் இருப்பதாக எழுதுவது உண்மைதான். ஆனால் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால், பணி முடியும் தேதி குறிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். சென்னையில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் இங்கே கவனித்த வேறுபாடு ஒன்று உண்டு. ஆட்குறைப்பில் போனவர் அன்றே லிங்க்ட்இனில் அறிவித்துவிடுகிறார். பழைய சக ஊழியர்கள் வந்து பரிந்துரை எழுதுகிறார்கள். நம் ஊரில் அப்பாவுக்கும் மாமனாருக்கும்கூடச் சொல்லாமல், காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். வீட்டிலேயே சொல்ல முடியாத ஒன்றை அந்நியரிடம் இயல்பான குரலில் சொல்வது கடினம். தம்பி, வீட்டில் பெரியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் நேர்காணலுக்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

கேளம்பாக்கம்_சோதனையாளர்:

அண்ணா, மனைவிக்குத் தெரியும். அப்பாவிடம் நேற்றிரவு சொல்லிவிட்டேன். வீட்டுக் கடன் தவணைக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை.

எல்லோருடைய கருத்தையும் வைத்து ஒரு பதிலைத் தயார் செய்திருக்கிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்: ‘எங்கள் ப்ராஜெக்ட்டை வாடிக்கையாளர் நிறுத்திக்கொண்டார். அதையொட்டிப் பிரிவைச் சுருக்கியபோது, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ராஜினாமா கொடுத்து, முறைப்படி விடுவிக்கப்பட்டேன். 11 ஆண்டுகள் உழைத்த பிறகு இப்படி நேர்ந்தது எனக்கு வருத்தம்தான். எந்தப் பொறுப்பையும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். உடனே சேர முடியும்.’

நேர்காணல்_எடுப்பவன்:

முதல் இரண்டு வாக்கியங்களில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். மூன்றாவதை எடுத்துவிடுங்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியவராகிவிடுகிறார், பேச்சு உங்கள் வேலையிலிருந்து விலகிப் போய்விடுகிறது. ‘எந்தப் பொறுப்பையும்’ என்பதையும் எடுத்துவிட்டு, நீங்கள் கடைசியாகச் சோதித்த செயலி எது, எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், கையால் செய்த சோதனையில் எவ்வளவை ஆட்டோமேஷனுக்கு மாற்றினீர்கள் என்பதை அந்த இடத்தில் வையுங்கள். உடனே சேர முடியும் என்பது கடைசியில் இருக்கட்டும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். எதிரே இருப்பவர் மௌனமாக இருந்தால் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மௌனத்தை நிரப்ப மேலும் விளக்கம் கொடுக்காதீர்கள்.

ஆளெடுப்புத்_துறை:

இந்தத் திருத்தம் மிகச் சரி. இன்னும் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. நௌக்ரி வேலைத் தளத்திலும் லிங்க்ட்இனிலும் பழைய நிறுவனம் இன்னும் ‘தற்போதைய பணி’ என்றே இருந்தால், முடிந்த மாதத்தை இன்றே நிரப்புங்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் பார்ப்பது அதைத்தான், நீங்கள் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. அடுத்து, யுஏஎன் தளத்தில் உங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பதியாமல் விட்டிருந்தால், கடைசி பிஎஃப் தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைத்தான் போட வேண்டும். இரண்டையும் முடித்துவிட்டு உங்கள் ரெஸ்யூமேயை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். டெஸ்ட் லீட் தேவைப்படும் இடம் ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. உடனே சேரக்கூடியவர் வேண்டும் என்றுதான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.